தோட்டத்துக் கேள்வி பதில்: மக்கும் சீற், மக்காத சீற்

சித்திரை பிறந்த பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: பாத்திக்கு மேல் விரிக்கும் பிளாஸ்ரிக் சீற். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பத்திரக்கலவை என்று படித்திருப்பீர்கள், சிலர் மூடாக்கு என்பார்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் அது சீற்தான். அதனால் பூச்சி, பசளை பற்றிய கடிதங்களை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“மிஸ், பதினைந்து வருடத்துக்கு முதல் நீங்கள்தான் எங்கட ஊர் வாசிகசாலையில் கூட்டம் வைத்து, கொச்சிக்காய்க்குச் சீற் போடச் சொன்னீர்கள். இப்போது அதே சீற்றைக் குறை சொல்லி எழுதுகிறீர்கள். எதை நம்புகிறது?”
– ஒரு விவசாயி, செட்டிபாளையம்

அண்ணன், சொன்னது நான்தான். அந்தக் கூட்டம் எனக்கு நல்ல நினைவு. வெள்ளிப் பக்கம் மேலே, கறுப்புப் பக்கம் கீழே என்று வாசிகசாலை முற்றத்து மணலில் விரித்துக் காட்டினேன். கறுப்புக்குக் கீழே வெளிச்சம் போகாது, புல் எழும்பாது. வெள்ளிப் பக்கத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்துக்குப் பனிப்பூச்சியும் வெண்ஈயும் இலைக்கு அடியில் வந்து குந்தத் தயங்கும், இலைச்சுருள் குறையும். கிணற்றுத் தண்ணீரும் மிச்சம். இதில் ஒன்றும் பொய்யில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

நான் சொல்லாமல் விட்டது, பயிர் முடிந்த பிறகு அந்தச் சீற் எங்கே போகும் என்பதை. நாலடி அகலச் சீற், 25 மைக்ரோன் தடிப்பு (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்), பாத்திக்குப் பாத்தி ஐந்தடி என்று கணக்குப் போட்டால், ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 75 கிலோ பொலித்தீன் விரிக்கிறோம். ஆறு மாதம் நம்முடைய வெயிலில் கிடந்த சீற் இழுத்தால் கையோடு கிழிந்துதான் வரும். மண்ணுக்குள் புதைத்த இரண்டு ஓரமும் உள்ளேயே நின்றுவிடும். அடுத்த போகம் அதற்கு மேலால் ட்ரக்டர் ஓடும்.

போன வருடம் என் வளவில் மரவள்ளி பிடுங்கினேன். ஒரு கிழங்கின் கழுத்தில் வெள்ளிச் சீற் துண்டொன்று நாடா கட்டினதுபோல இறுகி, அந்த இடத்தில் கிழங்கு ஒடுங்கிப்போய் இருந்தது. அது நான் பதினொரு வருடத்துக்கு முதல் அதே இடத்தில் தக்காளிக்கு விரித்த சீற். கழுவிப் பார்த்தேன், வெள்ளிப் பூச்சுக்கூட மங்கவில்லை. அந்தத் துண்டை இப்போதும் எழுதுகிற மேசையில் வைத்திருக்கிறேன். உங்களுடைய கடிதத்தை வாசித்தபோதும் அது என் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. வாசிகசாலையில் இருந்த அத்தனை பேருக்கும் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. அதைச் செய்யவில்லை. அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்களுக்குக் கொச்சிக்காய்தான் சீவியம் என்றால், நாளைக்கே சீற்றைக் கைவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். போடுவதானால் மலிவு பார்த்து மெல்லிய சீற் வாங்காதீர்கள். 30 மைக்ரோனுக்குக் குறையாமல் வாங்கி, இரண்டு பயிர் எடுத்து, அது மொறுமொறுக்கத் தொடங்குவதற்கு முதல் கழற்றுங்கள். கழற்றுகிற நாளுக்கு முதல் நாள் இரண்டு ஓரத்துக்கும் தண்ணீர் விட்டால் புதைந்த பகுதி கிழியாமல் வரும். சீனாவில் சிஞ்சியாங் பருத்தி வயல்களில் 8 மைக்ரோன் சீற்றைப் போட்டுப் போட்டு, கழற்ற முடியாமல், மண் முழுக்கத் துண்டாகி விளைச்சலே குறையத் தொடங்கியது. 2018இல் ஆகக்குறைந்த தடிப்பை 10 மைக்ரோனாகக் கூட்டினார்கள். மெல்லிய சீற் கடையில் இலாபம், காணியில் நட்டம்.

“அம்மா, களுதாவளையில் ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வத்தகையும் கொச்சிக்காயும் செய்கிறேன். இனிமேல் சீற் போட்டால் அடுத்த வருடம் காணி இல்லை என்று காணிக்காரர் சொல்லிவிட்டார். கடையில் ‘மக்கும் சீற்’ என்று ஒன்று வந்திருக்கிறது. விலை மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல். உழுதுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?”
– குத்தகை விவசாயி, களுவாஞ்சிகுடி

மகன், உங்கள் காணிக்காரர் நல்ல மனிதர். மண்ணை நினைத்துக் கோபப்படுகிற காணிக்காரர் இந்தக் காலத்தில் எத்தனை பேர்?

‘மக்கும்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்களை விற்கிறார்கள். நானும் ஒரு தடவை ஏமாந்தேன். நகரத்துக் கடையொன்றில் ‘மக்கும்’ என்று சொல்லித் தந்த கறுப்புச் சீற்றை வெண்டிக்குப் போட்டேன். இரண்டரை மாதத்தில் வெயில் பட்ட இடமெல்லாம் காய்ந்த வெற்றிலைபோல நொறுங்கியது. ‘ஆகா, மக்குகிறது’ என்று சந்தோசப்பட்டேன். பிறகு ஓரத்தைக் கிண்டிப் பார்த்தால், மண்ணுக்குள் இருந்த பகுதி விரித்த அன்றுபோல அப்படியே இருந்தது. மேலே நொறுங்கியது மக்கவில்லை, வெறுமனே துண்டாகியிருக்கிறது. அது சாதாரணப் பொலித்தீனுக்குள் ஒரு மருந்தைக் கலந்து, வெயிலில் உடையச் செய்த வகை. ஒக்ஸோ வகை என்பார்கள். முழுச் சீற்றையாவது கையால் பொறுக்கலாம், அரிசிக் குறுணி அளவுக்கு உடைந்ததை யார் பொறுக்குவது? ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகைப் பிளாஸ்ரிக்கை 2021இல் சந்தையிலிருந்தே தடை செய்தது. அதைத் தருவதானால் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

சோளமாவிலிருந்து செய்கிற பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக்கும் இருக்கிறது. ‘கூட்டெருவில் மக்கும்’ என்று எழுதிய பைகளில் இதைப் பார்க்கலாம். அதில் பொய்யில்லை, ஆனால் அது மக்குவதற்குக் கொதிக்கிற கூட்டெருக் குவியல் வேண்டும். 60 பாகை அளவுக்குச் சூடேறுகிற பெரிய குவியலில் சில மாதத்தில் போய்விடும். அதையே தனியாகத் தோட்டத்து மண்ணில் புதைத்தால் வருடக் கணக்கில் கிடக்கும்.

நீங்கள் தேட வேண்டியது மண்ணிலேயே மக்கும் வகை. பெரும்பாலும் பிபிஏரி (PBAT) என்ற, நுண்ணுயிர் தின்னக்கூடிய பிளாஸ்ரிக்கோடு மாப்பொருளோ பிஎல்ஏயோ கலந்து செய்வார்கள். இதற்கென்றே 2018இல் ஐரோப்பாவில் ஈ.என். 17033 (EN 17033) என்று ஒரு தரம் வந்தது. சீற்றில் உள்ள காபனில் 90 வீதத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் இரண்டு வருடத்துக்குள் தின்று காபனீரொட்சைட்டாக வெளியே விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் போனால் மட்டும் போதாது, உண்மையில் தின்று முடிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. கடைக்காரரிடம் ரோலையோ அது வந்த பெட்டியையோ காட்டச் சொல்லுங்கள். அந்த இலக்கம் இல்லை, ‘மக்கும்’ என்ற எழுத்தும் ஒரு பச்சை இலைப் படமும் மட்டும்தான் என்றால் திரும்பி வாருங்கள்.

இலக்கம் இருந்தாலும் ஒரு விடயம். அந்தச் சோதனை ஆய்வுகூடத்தில், ஈரமான மண்ணில், ஏறத்தாழ 25 பாகையில் நடப்பது. களுதாவளை மணலில் சூட்டுக்குக் குறைவில்லை. குறைவு ஈரமும் உக்கலும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பாத்திக்கு வெளியே நாலு விரல் ஆழத்துக்கு மணல் பொரிந்து கிடக்கும். தண்ணீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர் எதைத் தின்னும்? மாரி பிறக்கும் வரைக்கும் அந்தத் துண்டுகள் காத்துத்தான் கிடக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வண்டல் மண் வைத்திருக்கிறவருக்கு வருகிற முடிவு, வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரை மணலில் இருக்கிற உங்களுக்கு வராது.

இரண்டு வருடத்துக்கு முதல் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மகள், அந்த இலக்கம் போட்ட சீற்றில் 20 மீற்றரைப் பெட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்து தந்தாள். கத்தரிக்குப் போட்டேன். ஒன்பதாவது கிழமை வரைக்கும் நல்ல காவல். பத்தாவது கிழமையில் கன்றடியில் வெடிக்கத் தொடங்கி, மூன்று மாதம் முடியும்போது பாதிப் பாத்தி வெளியே தெரிந்தது. கத்தரி அதற்குப் பிறகும் காய்த்தது, புல்லும் அதற்குப் பிறகுதான் வந்தது. மாரி முடிந்து தை மாதக் கடைசியில் கொத்திப் பார்த்தபோது, ஓரங்களில் நகத்தளவு துண்டுகள் இருந்தன. விரலுக்கு நடுவில் வைத்து உரசினால் ஈரக் காகிதம்போல மசிந்தன. அடுத்த மாரிக்குப் பிறகு தேடினேன், கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆகவே உங்களுக்கு என் யோசனை இது. வத்தகை எழுபத்தைந்து, எண்பது நாளில் முடிகிற பயிர், அதற்கு இந்தச் சீற் பொருந்தும். ஒரு குறை, பழம் சீற்றின்மேல் குந்திக் கிடந்தால் அடியில் துண்டு ஒட்டிக்கொண்டு வரும், வியாபாரி முகம் சுளிப்பார். காய் பருக்கத் தொடங்கியதும் கீழே ஒரு பிடி வைக்கோல் செருகுங்கள். கொச்சிக்காய் ஐந்து ஆறு மாதம் நிற்கிற பயிர், இடையில் கைவிடுகிற சீற்றுக்கு இரண்டு மடங்கு காசு கொடுப்பது சரிவராது. ஆனால் வெள்ளிப் பக்கத்தின் உதவி கொச்சிக்காய்க்குத் தேவைப்படுவது கன்று பரந்து பாத்தியை மூடும் வரைக்கும்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

விலையை ஒப்பிடும்போது மற்றச் சீற்றைக் கழற்றுகிற கூலியையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். விரிக்கும்போது பொலித்தீனை இழுப்பதுபோல விறைக்க இழுக்காதீர்கள், கிழியும். மிஞ்சினதை அடுத்த வருடத்துக்கென்று தகரக் கொட்டிலில் வைக்காதீர்கள், சூட்டில் அங்கேயே கெடத் தொடங்கும். முதலில் இரண்டு பாத்திக்கு மட்டும் வாங்குங்கள்.

“கழற்றின பழைய சீற்றை என்ன செய்வது? இங்கே எல்லாரும் வரம்பில் போட்டுக் கொளுத்துகிறார்கள்.”
– அக்கரைப்பற்று

கொளுத்தக் கூடாது. அந்தப் புகை முதலில் போவது உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள். 2017ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி திறந்த வெளியில் பிளாஸ்ரிக் எரிப்பது சட்டப்படியும் குற்றம். மண்ணோடும் ஈரத்தோடும் சுருட்டிக் கொடுத்தால் மீள்சுழற்சிக்காரர் எடுக்கமாட்டார், நிறை இரட்டித்துவிடும், அவருடைய இயந்திரமும் பழுதாகும். கொடியில் சேலை போடுவதுபோல வேலியில் இரண்டு நாள் காயப்போட்டு, உதறி, சுருட்டி வையுங்கள். நாலைந்து தோட்டக்காரர் சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு ட்ரக்டர்) பெட்டி நிறையச் சேர்த்தால் வந்து ஏற்றுவார்கள்.

“நாங்கள் பதினான்கு பெண்கள் சேர்ந்து சங்கக் காணியில் தோட்டம் செய்கிறோம். இந்தக் கோடையில் சீற், வைக்கோல், காகிதம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து எது நல்லது என்று நாங்களே முடிவெடுக்க ஆசை. ஆளுக்கொரு பாத்தியில் ஒவ்வொன்றைப் போட்டால் போதுமா அம்மா?”
– மாதர் சங்க உறுப்பினர், தம்பிலுவில்

இந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், மகள். 2021இல் அரசாங்கம் ஒரே அறிவிப்பில் இரசாயனப் பசளையை நிறுத்தி, அதே வருடம் கார்த்திகையில் திரும்ப விட்டது. அதற்கு நடுவில் நம்முடைய வயலும் தோட்டமும் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு ‘சேதனம்’ (இயற்கைப் பசளை) என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போகிற விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பிழையில்லை. யாரோ எங்கேயோ இருந்து முடிவெடுத்து முழுக் காணியையும் ஒரு நாளில் மாற்றச் சொன்னதுதான் பிழை. நீங்கள் கேட்பது அதற்கு நேர் எதிரான வழி.

ஆளுக்கொரு பாத்தி போதாது. கிணற்றடிப் பாத்திக்குத் தண்ணீர் கூட, தென்னை நிழல் விழுகிற பாத்தியில் எதுவும் வாடாது. வைக்கோலைக் கிணற்றடியிலும் காகிதத்தை வேலியோரத்திலும் போட்டால் நீங்கள் அளப்பது கிணற்றைத்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் மூன்று பாத்தி. வெறும் மண், வழமையான வெள்ளிச் சீற், வைக்கோல், காகிதத்துக்கு மேல் தென்னோலை என்று நாலு வகை எடுத்தால் பன்னிரண்டு பாத்தி. காணியைக் கிணற்றுப் பக்கம், நடு, வேலிப் பக்கம் என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் நாலு வகையும் இருக்க வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பியுங்கள். நீங்களே தெரிவு செய்தால் உங்களுக்குப் பிடித்ததை நல்ல மண்ணில் வைத்துவிடுவீர்கள். நானும் அப்படித்தான் வைப்பேன், மனித மனம் அது.

வெறும் மண் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அது இல்லாவிட்டால் மூடினதால் என்ன கிடைத்தது என்றே தெரியாது. அதில் கையால் புல் பிடுங்குங்கள், பிடுங்க எத்தனை நிமிடம் என்று போனில் பார்த்துக் குறியுங்கள். எல்லாப் பாத்திக்கும் ஒரே இனம், ஒரே நாள் நடுகை, ஒரே அளவு பசளை. இரண்டு தலைப்பிலும் நிற்கிற கன்றுகளைக் கணக்கில் எடுக்காமல் நடுவில் உள்ளவற்றிலிருந்து மட்டும் காய் ஆய்ந்து நிறுங்கள். விற்கக்கூடியது வேறு, கழிவு வேறு.

மூடி எவ்வளவு நாள் நிற்கிறது என்பதற்கு ஒரு மீற்றர்ச் சதுரமாகக் கம்பு கட்டி, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பாத்தியில் அதே இடத்தில் வையுங்கள். அதற்குள் மண் எத்தனை பங்கு தெரிகிறது? பத்தில் ஒன்றா, மூன்றா? எப்போதும் ஒரே ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும், கண்ணுக்குக் கண் அளவு மாறும். ஒரு படமும் எடுத்து வையுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு நாலு விரல் ஆழத்தில் வெப்பமானி குத்திப் பாருங்கள். வைக்கோலுக்குக் கீழே மண் எவ்வளவு குளிர்மை என்பதைப் பார்த்து நீங்களே அதிசயப்படுவீர்கள்.

மிக முக்கியமான வேலை பயிர் முடிந்த பிறகு இருக்கிறது. பெரும்பாலும் அறுவடையோடு கொப்பியை மூடிவிடுவார்கள். இந்தச் சோதனைக்கு அங்கேதான் தொடக்கம். அதற்கு ஆயத்தமாக இப்போதே பழைய நுளம்பு வலையில் சிறிய பைகள் தையுங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் நீங்கள் போட்ட பொருளில் நாலங்குலச் சதுரத் துண்டு ஒன்று. ஒரு பைக்குள் பொலித்தீன், இன்னொன்றுக்குள் பழைய பருத்தி வேட்டித் துண்டு. வேட்டித் துண்டை விட்டுவிடாதீர்கள், உங்கள் மண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்லப்போவது அதுதான். ஈரம் படுகிற பாத்தியில் இரண்டு மாதத்துக்குப் பிறகும் வேட்டி முழுசாக இருந்தால் அந்த மண்ணில் எந்த ‘மக்கும்’ பொருளும் சீக்கிரம் மக்காது, முதலில் எருவைப் போடுங்கள். பைகளை ஒரு சாண் ஆழத்துக்குக் குறையப் புதைத்து, கிணற்றுக் கட்டிலிருந்து எத்தனை அடி என்று எழுதி வையுங்கள். அடையாளக் கம்பை நம்பாதீர்கள், ஆடு இழுத்துவிடும். இப்போது புதைத்தால் ஒரு தொகுதியை ஆவணியிலும் இன்னொன்றை மாரி கழிந்து மாசியிலும் தோண்டலாம். ஆவணியில் தோண்டினதையும் மாசியில் தோண்டினதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்முடைய மண்ணுக்குத் தண்ணீர் என்ன செய்கிறது என்று கண்ணாலே காணலாம்.

“வைக்கோல் எங்களுக்கு வேண்டியளவு கிடக்கிறது. போன முறை தக்காளிக்குப் போட்டேன், கன்றெல்லாம் மஞ்சளித்துப் போனது. கறையானும் வந்தது. நெல்லும் முளைத்தது. இனி வைக்கோலே வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.”
– வெல்லாவெளி

வைக்கோலை மண்ணுக்குள் கொத்தி விட்டீர்களோ என்று நினைக்கிறேன், தம்பி. வைக்கோலில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு, ஏறத்தாழ எழுபதுக்கு ஒன்று. அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்களுக்கு அந்த நைதரசன் போதாது, கன்றுக்கு என்று மண்ணில் இருந்ததையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கன்று மஞ்சளிப்பது அதனால். மேலே மட்டும் கிடந்தால் இந்தச் சண்டை பெரிதாக வராது. கன்று நட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு, மேற்பசளை போட்டு, தண்ணீர் விட்டு, அதற்கு மேலே நாலங்குல உயரத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். அமர்ந்து இரண்டங்குலமாகும். தண்டைச் சுற்றி மூன்று விரல் இடைவெளி விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும், கறையானுக்கும் அது படிக்கட்டு. கறையான் காய்ந்ததைத் தேடித்தான் வரும். காய்ந்த மண்ணில் காய்ந்த வைக்கோலைப் போட்டுவிட்டுத் தண்ணீர் விடாமல் நாலு நாள் போனால் அழைத்ததுபோலத்தான். கிளிரிசிடியா வேலி இருந்தால் அதன் இலையை வைக்கோலுக்குக் கீழே ஒரு படை போடுங்கள், நைதரசன் அதிலிருந்து வரும்.

நெல் முளைத்தது வெட்டு மெசின் விட்ட மணிகளால். வைக்கோலை வயலிலேயே ஒரு மழை நனையவிட்டு, மணி முளைத்துக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.

ஒரு ஏக்கர்த் தோட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வயல் வைக்கோல் வேண்டும். முழு வயலையும் வழித்து எடுக்காதீர்கள். நெற்பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. தோட்டத்துக்குக் கொடுத்து வயலைப் பட்டினி போடக் கூடாது. ஆனால் வயலில் தீ வைக்கிறவரிடம் கேட்டு வாங்குவதில் எந்தக் குற்றமும் இல்லை. அதில் எனக்கு ஒவ்வொரு வருடமும் மனம் நோகிறது. வெல்லாவெளியில் புகையும் களுதாவளையில் பொலித்தீனும், இடையில் ஒரு வாவிதான்.

“எங்கட வாப்பாட வளவுக்குப் பக்கத்துத் தோணாவில் ஆற்றுவாழையும் சல்வீனியாவும் மூடிக் கிடக்கு. அதை அள்ளிப் பாத்திக்கு மூடலாமா? புல்லுக்கும் காசில்லை, சீற்றுக்கும் காசில்லை மிஸ்.”
– ஒரு வாசகி, நிந்தவூர்

தாராளமாக, தங்கச்சி. இரண்டும் தண்ணீரில் மிதந்து பெருகும் களைகள்தான். ஆனால் பச்சையாக நேரே போடாதீர்கள். ஆற்றுவாழையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு வண்டி அள்ளினால் காய்ந்து ஒரு சாக்கு வரும், அந்தக் கணக்கோடு அள்ளுங்கள். கரையில் பரப்பி, வேர் மொறுமொறு என்று ஒடியும் வரைக்கும் இரண்டு கிழமை காயவிடுங்கள். பூத்து விதை விழுந்ததை எடுக்க வேண்டாம், அந்த விதை பத்துப் பதினைந்து வருடம்கூட உறங்கிக் கிடந்து முளைக்கும். பச்சைத் துண்டு ஒன்றுகூட வேறு குளத்திலோ வாய்க்காலிலோ விழக் கூடாது. ஆற்றுவாழைக்கெதிராக இந்த நாட்டில் 1909ஆம் ஆண்டே ஒரு கட்டளைச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் அது செய்கிற அநியாயத்தை யோசியுங்கள். சல்வீனியாவுக்கு விதைப் பயம் இல்லை, சின்னத் துண்டிலிருந்துதான் பெருகும். காய்ந்துவிட்டால் செத்தது.

தோணாவில் வீட்டுக் கழிவோ பட்டறை எண்ணெயோ விடுகிறார்களா என்றும் பாருங்கள். ஆற்றுவாழை வேர் ஈயம்போன்ற உலோகங்களைப் பிடித்து வைக்கும். அப்படிப்பட்ட இடமானால் வேரை வெட்டி எறிந்துவிட்டு இலையை மட்டும் எடுங்கள். கீரைக்கும் போட வேண்டாம், பாகல், புடல்போலப் பந்தலில் காய்க்கிற பயிருக்குப் போடுங்கள்.

“பாடசாலைத் தோட்டத்தில் பழைய பத்திரிகையும் காட்போட் பெட்டியும் விரித்தோம். ஒரே இரவில் காற்று தூக்கி வேலியில் போட்டுவிட்டது. ரீச்சர் சீற் வாங்குவோம் என்கிறார். காகிதம் உதவாதா?”
– பத்தாம் வகுப்பு மாணவி, கல்லடி

உதவும், மகள். நம்முடைய கடற்கரை மணலில் பெரிய எதிரி கோரை. அது ஊசிபோல முளைத்துச் சீற்றையே குத்திக்கொண்டு வெளியே வரும், மக்கும் சீற்றையும் குத்தும். தடித்த காகிதத்தை அதனால் அவ்வளவு சுலபமாகக் குத்த முடியாது. என் கத்தரிப் பாத்திகளிலும் கோரை ஆகக் குறைவாக வந்தது காகிதம் போட்ட மூன்று பாத்தியிலும்தான். ஹவாய்த் தீவில் நூறு வருடத்துக்கு முதலே கரும்புக்கும் அன்னாசிக்கும் தார் பூசின காகிதத்தை விரித்திருக்கிறார்கள், பொலித்தீன் அதற்குப் பிறகு வந்தது.

காகிதத்தின் ஓரத்தை மண்ணில் புதைத்தால் ஈரம் பட்டு அந்த இடம்தான் முதலில் உக்கும், பிறகு காற்று பாய் விரித்ததுபோலத் தூக்கும். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் போனது, பக்கத்து வளவிலிருந்து பொறுக்கி வந்தேன். ஓரத்தைப் புதைக்காதே. பத்திரிகை என்றால் எட்டுத் தாள், காட்போட் என்றால் ஒன்று, ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நன்றாக நனைத்து, அதற்கு மேல் தென்னோலையைக் குறுக்கே படுக்க வை. ஓலை பறக்காது. பெட்டியில் ஒட்டியிருக்கும் ரேப்பையும் பளபளப்பான படத்தாளையும் முதலே உரித்துவிடு. சீமெந்துப் பை வேண்டாம், அதன் தூசி மணலுக்குக் கூடாது, சிலதில் உள்ளே பிளாஸ்ரிக் படையும் இருக்கும்.

ஒரு பாத்தியில் சீற், பக்கத்துப் பாத்தியில் காகிதமும் ஓலையும் போடலாமா என்று உன் ரீச்சரிடம் கேள். ஆறாவது கிழமை இரண்டிலும் ஒரு மீற்றர்ச் சதுரத்துக்குள் எத்தனை கோரை வெளியே நிற்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.